இறக்காத இன்ஜின்

விக்கிரவாண்டிக்கு மேற்கே மூன்று ஏக்கரில் மல்லாட்டைக் கடலை போடும் செண்பகம், ஆயில் குச்சியை உருவிப் பார்க்காமல் தன் டாடா சுமோவை ஒரு நாளும் கிளப்பியதில்லை. ஆயில் மாற்றுகிற நாளில் இன்னொரு வேலையும் உண்டு. அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்து, குச்சியின் நுனியிலிருந்து ஒரு சொட்டு பழைய ஆயிலை அதன்மேல் விடுவாள். ஓடிய கிலோமீட்டரை ஓரத்தில் எழுதிக் கம்பியில் குத்திவிடுவாள். கறை பரவியிருக்கும் விதத்திலேயே இன்ஜினின் உடம்பு எப்படியென்று அவளுக்குத் தெரிந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. லாரி ஷெட்டுகளின் வாசலில் நின்று பார்த்ததும், தானே கழற்றி மாட்டிக் கெடுத்துத் திருத்தியதுமாகச் சேர்ந்த படிப்பு அது.

இருபது வருஷத்தில் நாலு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர். இன்ஜினை ஒரு தடவைகூட இறக்கிப் பிரித்ததில்லை. ஊரில் அவளுக்கிருந்த ஒரே கர்வம் அதுதான்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் அந்தக் கர்வத்தின்மேல் கரி படிந்தது. சுங்கச்சாவடி தாண்டி மிதித்ததும் பின்னால் கரும்புகை குபுகுபுவென்று வந்தது. வண்டியும் இழுக்கவில்லை. பதிவைப் புதுப்பிக்கப் பத்து நாள்தான் இருந்தது. திண்டிவனத்தில் புகைச் சோதனையில் தேறினால் இன்னும் ஐந்து வருஷம் ஓடும். தேறாவிட்டால் பழைய இரும்புக்கடைதான்.

விழுப்புரத்தில் ஷெட் வைத்திருப்பவன், அவளுடைய ஆயில் சொட்டுத் தாள்களை எப்போதும் கேலி செய்கிறவன் கண்ணையன்; அவன் புகையைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினான்.

"ரிங் தேஞ்சு போச்சுக்கா. இன்ஜின் இறக்கணும். அதுக்குப் பதிலா எடைக்குப் போட்டுடு. வயசாயிடுச்சில்ல?"

"உனக்குந்தான் தலை நரைச்சுப் போச்சு. உன்னை எந்தக் கடையில எடைக்குப் போடறது?"

ஷெட்டே சிரித்தது. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் செண்பகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்பியிலிருந்த தாள்களை உருவிக் கட்டிலில் வரிசையாகப் பரப்பினாள். கடைசித் தாளின் கறையும் பத்து வருஷத்துக்கு முந்தைய கறையும் ஒரே மாதிரிதான் இருந்தன. குச்சியைப் பார்த்தாள், ஆயில் ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை. ரிங் தேய்ந்த இன்ஜின் ஆயிலைக் குடிக்கும், புகை நீலமாக வரும். இதுவோ கறுப்பு. டீசல் முழுசாக எரியக் காற்று போதவில்லை என்றுதானே அர்த்தம்?

நேரே போய்க் காற்று வடிகட்டியின் பெட்டியைத் திறந்தாள். மேலே சந்தனம், குங்குமம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய காகிதம், ஈரத்தில் விழுந்த அப்பளக்கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து கிடந்தது. மோந்து பார்த்தாள். சீயக்காய் வாசனை.

"டேய் சின்னதுரை!"

தம்பி மாட்டுக்கொட்டகையிலிருந்து ஓடிவந்தான்.

"இதை என்னடா பண்ண?"

"பூஜைக்கு எல்லாத்தையும் கழுவுனேன் இல்லக்கா? மம்பட்டி, கடப்பாரை, மருந்தடிக்கிற மிசினு... இது ஒரே மண்ணா இருந்துச்சு. சீயக்கா போட்டு அலசி, வெயில்ல காயவெச்சுத்தான் மாட்டினேன்."

"காயிதத்தையாடா அலசுன?"

"அம்மாம் அழுக்கோட எப்படிக்கா சாமிக்கு வெக்கிறது?"

"நீ பண்ண பூஜையில சாமியே மூச்சு முட்டிக்கினு கெடக்குது, பாரு."

திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டாள். பூஜை முடிந்ததும் தானே ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம் என்று மட்டும் உறுத்தியது.

புது வடிகட்டி வாங்கிவந்து தன் கையாலேயே மாட்டினாள். சோதனையன்று திண்டிவனம் வரைக்கும் நெடுஞ்சாலையில் நன்றாக மிதித்து ஓட்டினாள், குழாயில் படிந்த கரியெல்லாம் வழியிலேயே உதிரட்டும் என்று. பக்கத்தில் சின்னதுரை, கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

புகைக்குழாயில் கருவியைச் செருகினார்கள். புகையின் அளவு அறுபத்தைந்துக்குள் வந்தாக வேண்டும். ஆய்வாளர் சைகை காட்ட, செண்பகம் மிதித்தாள். திரையைப் பார்த்தவர் கிலோமீட்டரையும் குனிந்து பார்த்தார்.

"இன்னொரு தடவை மிதிங்கம்மா."

மிதித்தாள்.

"முப்பத்தெட்டு. கடைசியா இன்ஜினை எப்ப இறக்குனீங்க?"

"இறக்கவே இல்லீங்க சார்."

"அக்கா இறக்க விடாதுங்க சார்," என்றான் சின்னதுரை, அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்து.

சான்றிதழ் கைக்கு வந்தபின் செண்பகம் வீட்டுக்குத் திரும்பவில்லை. விக்கிரவாண்டியைத் தாண்டி விழுப்புரம் வரைக்கும் போய், கண்ணையன் ஷெட் வாசலில் ஹாரனை நீளமாக அடித்தாள். அவன் ஸ்பானரோடு வெளியே வந்தான். சான்றிதழைப் படித்தான். வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினான்.

"மிதிக்கா."

மிதித்தாள். சீரான உறுமல், லேசான சாம்பல் புகை, அவ்வளவுதான். எழுந்தவன் உள்ளே போனான். ஷெட் சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வந்து நீட்டினான்.

"இதுல ஒரு சொட்டு விட்டுக் குடுக்கா. இங்க மாட்டி வெக்கிறேன்."

செண்பகம் குச்சியை உருவி ஒரு சொட்டு விட்டாள். ஓரத்தில் கிலோமீட்டரை எழுதினாள்.

"ஆணியப் பெருசா அடி, கண்ணையா," என்றாள். "இன்னும் அஞ்சு வருஷத்துக்குத் தாளு வந்துக்கினே இருக்கும்."