பாதித் தலையோடு போனவன்

முடி வெட்டுகிறவனுக்குக் கத்தியைத் தீட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, ஊரார் திட்டுவதைக் காதில் வாங்காமல் இருக்கவும் தெரிய வேண்டும். மேட்டூர் அணை கட்டி முடிந்த சமயம், சேலம் கடைவீதியில் இரண்டு நாற்காலி போட்டு சலூன் வைத்திருந்தேன். கடை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

பொட்டலத்தில் குடுமி

காலேஜில் படித்த பழனிசாமி ஒரு நாள் வந்து குடுமியை எடுத்துவிடச் சொன்னான். எடுத்தேன். வெட்டிய குடுமியைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். கிராப்பு வைத்தவன் கெட்டுப்போவான், சிகரெட் பிடிப்பான், பெரியவர்களை மதிக்க மாட்டான் என்று ஊரே நம்பிய காலம்.

மறுநாள் பனமரத்துப்பட்டியிலிருந்து அவன் அப்பா வந்தார். நல்ல விவசாயி, அதிர்ந்து பேசாதவர். காகிதப் பொட்டலத்தைப் பிரித்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே மகனுடைய குடுமி. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"மசுரு போனாத் தொலையுது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமச் செஞ்சுட்டானே, அதைத்தான் தாங்க முடியல" என்றார்.

பெரியவர் முறை

தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் வாரம் தவறாமல் சவரத்துக்கு வருவார். அன்றைக்கு மூன்று பையன்கள் அவருக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். அவர் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பையன்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நானும் சோப்பைக் குழைத்தேன்.

முகம் நிறையச் சோப்பு நுரையோடு கண்ணாடியில் அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒழுங்கு முறைன்னா என்னன்னே தெரியல."

காலி நாற்காலி

பழனிசாமிக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலையில் முடி வெட்டிக்கொள்ள வந்தான். ஒரு பக்கம் முடித்திருந்தேன். அப்போது மாரிமுத்து என்பவர் வாசலில் வந்து நின்றார். அணை வேலை முடிந்து திரும்பியவர், வெளுத்த சட்டை போட்டிருந்தார். சேரியில் அவர் வீடு.

"எனக்கும் வெட்டி உடுவீங்களா?" என்று கேட்டார்.

"இடமில்லை" என்றேன். என்னையே பல வீடுகளில் வாசலுக்கு வெளியே நிறுத்துவார்கள். அது எப்படி வலிக்கும் என்று தெரிந்தும் சொன்னேன். வாடிக்கை போய்விடும் என்ற பயம். மாரிமுத்து திரும்பி நடந்தார்.

பழனிசாமி கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டு எழுந்தான். ஒரு பக்கம் கிராப்பு, மறுபக்கம் காடு. நாளைக்குப் பெண் வீட்டார் வருகிறார்களே என்று கெஞ்சினேன்.

"பக்கத்து நாற்காலி காலியாத்தானுங்க இருக்குது. அவருக்கு வெட்டுங்க, அப்புறம் நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு, கடைவீதி முழுக்கச் சிரிக்க அப்படியே போனான்.

இரண்டு நடுக்கம்

சாயங்காலம் பழனிசாமியின் அப்பா ஓடி வந்தார். மகன் வேறு கடைக்கும் வர மறுக்கிறானாம், துண்டு கட்டி மறைக்கவும் மாட்டேன் என்கிறானாம். "பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னால இந்தக் கோலத்துல எப்படி நிறுத்துவேன்? அந்த ஆளுக்கு வெட்டிப்போடு சாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு நியாயம் பெரிதாகப் படவில்லை, கல்யாணம்தான் பெரிது. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அவர் கேட்கிற வரைக்கும் நானும் அசையவில்லையே.

நானே சேரிக்குப் போய் மாரிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு வந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள். சேதி தெரிந்து வந்திருந்த பழனிசாமி மட்டும் தன் முறைக்காக நின்றான். என் கையில் கத்தரிக்கோல் ஆடியது.

"கை நடுங்குதுங்களே. பாத்து வெட்டுங்க, நானும் நடுங்கிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கறேன்" என்றார் மாரிமுத்து.

அதோடு நாலைந்து பெரிய மனிதர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. நாற்பது வயதுக்காரனான எனக்குப் புத்தி வர, இருபது வயதுப் பையன் ஒருவன் ஊர் சிரிக்கத் தெருவில் நடக்க வேண்டியிருந்ததே, அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.