விமானத்துக்காக அணைத்த நெருப்பு

அன்புச்செல்வனுக்கு ஊர் லால்குடிக்குப் பக்கத்துக் கிராமம். பாலிடெக்னிக் முடித்து, அங்கே இங்கே ரிப்பேர் வேலை பார்த்து, கடைசியில் ஒரு பருவநிலை ஆய்வுக் குழுவில் சேர்ந்தான். விமானத்தில் உட்கார்ந்து லைடார் கருவியை இயக்குகிற வேலை. மேலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால், காற்றில் மிதக்கும் தூசியும் புகையும் அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். எந்த உயரத்தில் எவ்வளவு அழுக்கு என்பது திரையில் தெரிந்துவிடும். ஊர் ஊராக அடுத்தவர் புகையை அளந்தவனுக்குத் தன் ஊர்ப் புகையை அளந்துவிட வேண்டும் என்ற வெறி.

காரணம் அவன் அக்கா மயிலம்மாள். அவள் வீட்டுக்குப் பின்னால் குப்பைமேடு. அது எரியாத நாள் கிடையாது. அவளுக்கு இழுப்பு, பாதி ராத்திரி உட்கார்ந்தே கழியும். மனு கொடுத்தால், "புகையா? எங்கே?" என்று கேட்கிற ஜென்மங்களிடம் என்னத்தைப் பேசுவது? விஞ்ஞானிகளிடம் கெஞ்சிக் கூத்தாடி, திருச்சியிலிருந்து கிளம்பும் விமானத்தைத் தன் ஊருக்கு மேலே ஒரே ஒரு முறை பறக்க வைத்தான். அறிக்கையில் ஏறிவிட்டால் எவன் மறுப்பான்!

அந்தச் சந்தோஷத்தில் அக்கா புருஷன் மருதையிடம் போனில் உளறிவிட்டான்.

கொள்ளிடத்தைத் தாண்டியதும் திரையில் லேசான மங்கல். குப்பைமேட்டுக்கு மேலேயும் அதே மங்கல்தான். எழும்ப வேண்டிய புகையைக் காணோம். கருவிதான் கெட்டுவிட்டதோ என்று பதறிச் சோதித்தான். கருவி ஒழுங்காகத்தான் இருந்தது.

இறங்கிய கையோடு பஸ் பிடித்து ஊருக்கு ஓடினான். தெருமுனையிலேயே விஷயம் விளங்கிவிட்டது. ரோட்டில் தண்ணீர் தெளித்து, இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு! மந்திரி வந்தால் நடக்கிற அத்தனை சடங்கும் நடந்திருந்தது. குப்பைமேட்டை முதல் நாளே தண்ணீர் லாரி விட்டு அணைத்திருந்தார்கள்.

"எப்படி மாப்ள?" வீட்டு வாசலில் நின்ற மருதைக்கு முகமெல்லாம் பல். "நீ சொன்னதுமே பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட சொல்லிட்டேன். நம்ம ஊரு மானம் போயிடக் கூடாதுல்ல? மேலேருந்து பாத்தா பளிச்சுனு இருந்திருக்குமே!"

அன்புச்செல்வன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். மூச்சு முட்டுவது இவர் பெண்டாட்டிக்கு. இவருக்கு ஊர் மானம் பெரிதாம். அவளுக்காக ஒரு குடம் தண்ணீர் ஊற்றாத ஊர், பறந்து போகிற விமானத்துக்கு லாரி லாரியாக ஊற்றியிருக்கிறது. த்தூ! வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத தன்மேலும் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஏன் மாமா, அக்காவுக்காக ஒரு நாளாவது இதை அணைக்கச் சொன்னீங்களா?"

"அது வேற, இது வேற" என்றார் மருதை.

உள்ளே மயிலம்மாளின் முகம் தெளிந்திருந்தது.

"நேத்து ராத்திரி படுத்துத் தூங்கினேன் தம்பி. எத்தனை நாளாச்சு!" என்றாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "சாயங்காலமே திரும்பப் பத்த வச்சிருவாங்களாம். நாளைக்கும் பிளேன் வருமா?"