கண் திறந்த படம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில், என் மனைவியின் முகத்தில் இருப்பவை அவளுடைய தங்கையின் கண்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் முதலிலேயே விளக்கிவிடுகிறேன். என் மனைவியைப் படம் எடுத்தால் அவளுக்குக் கண் மூடிக்கொள்ளும். எல்லோருக்கும் எப்போதாவது நடப்பதுதான், இவளுக்கு எப்போதும் நடக்கும். கேமராவின் சத்தம் வருவதற்குச் சற்று முன்பாகவே, யாரோ காதில் சொல்லிவைத்ததுபோல இமை இறங்கிவிடும். எங்கள் கல்யாணத்தில் எடுத்த ஒரு படத்தில்கூட அவள் விழித்திருக்கவில்லை. முத்தியால்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான ஸ்டூடியோவுக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்த புதிது. ஸ்டூடியோக்காரர் யாரையும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த தங்கையின் கண்களை எடுத்து அக்காள் முகத்தில் ஒட்டி, பெரிதாகச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அக்காள் தங்கைதானே, வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வீட்டாரும் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள், ஆணி அடித்து மாட்டிவிட்டோம்.

அதற்குப் பிறகு எடுத்த படங்களிலும் அதே கதைதான். மகளின் காதுகுத்தில் மூடிய கண், மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மூடிய கண், அடையாள அட்டைகளில் விருந்து சாப்பிட்டவளைப்போல அரைக்கண். கேமரா வைத்த போன் வந்தபோது இனிமேல் கவலையில்லை என்று நினைத்தோம். போனைத் தூக்கிய கணமே மூடிக்கொண்டது. இதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் உறவில் பல விசேஷங்கள் கலகலப்பாக நடந்திருக்கின்றன.

சில வருடங்களுக்கு முன்னால் ரெட்டியார்பாளையத்திலிருந்து அந்தத் தங்கை, தன் நாத்தனாரின் புது சம்பந்தி வீட்டாரை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். வந்தவர்களைக் கல்யாணப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "எங்க அக்கா மூஞ்சில இருக்கிறது என் கண்ணுதான், தெரியுமா உங்களுக்கு?" என்று கதையைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காப்பி கொண்டுவந்த என் மனைவியும் சிரித்தாள். அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, இந்த வீட்ல என் மூஞ்சி எங்கியுமே இல்லீங்க."

"நீயே இருக்கியே, படம் எதுக்கு?" என்றேன்.

"நான் இருக்கேன். என் கண்ணோட ஒரே ஒரு படம் இருந்தா நல்லாருக்கும். வேற ஒண்ணும் கேக்கல."

உண்மையில் அவள் வேறு ஒன்றும் கேட்டவளில்லை. புடவைக் கடையில்கூட நான் காட்டியதையே எடுத்துக்கொள்கிற ஆள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு முகம், இரண்டு கண், அதை ஒழுங்காக எடுத்துத் தர முடியாமல் இத்தனை வருடம் என்ன கிழித்துக்கொண்டிருந்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

நான் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமையானால் ஊசுட்டேரிக்குப் பறவைப் படம் எடுக்கப் போகிறவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நோயைக் கேட்ட டாக்டர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா வாங்குண்ணா, உள்ள படம் புடிக்கிற சில்லு பெருசா இருக்கும். பழைய கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கும், அது எகிறி வுழுறதுதான் அந்தச் சத்தம். இதுல கண்ணாடியே கெடையாது. சத்தமே வராம கடகடன்னு எடுக்கலாம். கண்ணு எங்க இருக்குதுன்னு அதுவே தேடிப் புடிக்கும். எதுலயாச்சும் அண்ணி முழிச்சினு இருப்பாங்க."

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. போனில் கேமராவைப் பற்றி வீடியோ போடுகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒருவர் ஃபுல் ஃபிரேம் இல்லாவிட்டால் படமே எடுக்காதீர்கள் என்றார். அடுத்தவர் ஃபுல் ஃபிரேம் வாங்குகிறவன் ஏமாளி என்றார். மூன்றாமவர் கேமராவைப் பற்றிப் பேசவே வேண்டாம், லென்ஸ்தான் எல்லாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்தார். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் உட்காராது, அதே கம்பெனியின் பழைய லென்ஸும் நேராக உட்காராது, நடுவில் ஒரு வளையம் வேண்டும் என்றார்கள். பார்க்கப் பார்க்க, தொடங்கும்போது தெரிந்திருந்ததும் தெரியாமல் போனது. ஒரு நாள் கடைக்குப் போன் போட்டு, லென்ஸ் இல்லாமல் கேமரா பாடி மட்டும் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"பாடி பாடின்னு கத்தாதீங்க. பக்கத்து வீட்ல இன்னா நெனப்பாங்க?"

கடைசியில் நேரு வீதியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர், கல்யாணம் எடுக்கவா, பறவை எடுக்கவா என்று கேட்டார். என் வீட்டம்மாவை எடுக்க என்றேன். அவருக்கு என்ன காட்டுவது என்று தெரியவில்லை. எனக்கும் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கையில் கொடுத்ததை வாங்கி, கண்ணில் வைத்து, அது கனமாகவும் நன்றாகவும் இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அத்தனை நாள் படித்த படிப்பில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவவில்லை.

அதில் இருந்த பொத்தான்களைப் பார்த்து நான் மிரண்டதால், பறவை நண்பர் தன் வசதிப்படி எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார். முதல் ஞாயிறு மனைவியைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கண்ணைக் கண்டுபிடித்தால் திரையில் சின்னக் கட்டம் ஒன்று வந்து அதன்மேல் உட்காரும் என்று சொல்லியிருந்தார். கட்டம் வரவே இல்லை. ஜன்னலில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது, உடனே கட்டம் தாவிப் போய்க் காகத்தின் கண்ணில் உட்கார்ந்தது. பிறகுதான் தெரிந்தது, எதைத் தேடவேண்டும் என்ற இடத்தில் பறவை என்று வைத்திருக்கிறார்.

"அப்ப அதுக்கு என்னப் பாத்தா மனுஷின்னே தோணலியா?" என்றாள்.

மனிதர் என்று மாற்றினேன். மாற்றியதும் கட்டம் அவள் முகத்தில் ஒரு விநாடி நின்றது. கேமரா தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் அவள் கண்ணை மூடினாள். கட்டம் அங்கே இருக்கப் பிடிக்காமல் அவள் தலைக்கு மேலே ஏறி, சுவரில் இருந்த கல்யாணப் படத்துக்குப் போய், தங்கையின் கண்ணில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. படத்தில் இருக்கிறவளும் நாற்காலியில் இருக்கிறவளும் ஒருத்திதான் என்று நான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, சத்தத்தை அணைத்துப் பார்த்தோம். இதில் வேறு குழப்பம். சத்தம் வந்தால்தான் படம் முடிந்தது என்று அவளுக்குக் கணக்கு. சத்தம் இல்லாததால் எப்போது மூச்சு விடுவது என்று தெரியவில்லை.

"எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேன்."

"சத்தமே வரலியே?"

"வராது."

"வராம எப்டிங்க எடுத்தீங்க?"

இமைக்கக்கூடாது என்று அவள் முயற்சி செய்ததில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. படத்தைப் பார்த்தால் கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் திருடனைப் பார்த்தவள் மாதிரி இருக்கிறாள். கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இத வெளிய காட்டாதீங்க, அம்மாவ நீங்க மெரட்டுறீங்கன்னு நெனப்பாங்க" என்றாள். மனைவி சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். போன விதத்தில் அவள் ஆசையை விட்டுவிட்டாள் என்று புரிந்தது. எனக்குத்தான் விட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் பிள்ளைச்சாவடிக்கு ஸ்கூட்டரில் மீன் வாங்கப் போவது வழக்கம். ஒரு வாரம் கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டேன். கடலைப் படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். கரையில் வலையிலிருந்து மீனை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி ஒரு அம்மாவிடம் உட்கார்ந்து சங்கரா மீனுக்குப் பேரம் பேசத் தொடங்கினாள். பேரம் என்று வந்துவிட்டால் அவளுக்கு உலகம் மறந்துபோகும். நான் ஒரு படகுக்குப் பக்கத்தில் நின்று, கேமராவைக் கண்ணில் வைத்தேன். கட்டம் அவள் கண்ணில் போய் உட்கார்ந்தது. அவள் செவுளைத் தூக்கிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், எழுந்து போவதுபோல் பாவனை செய்தாள், கட்டம் விடாமல் அவளோடேயே போனது. நான் அழுத்திய பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. பேரம் படிந்ததும், பையை வாங்கிக்கொள்ள நான் எங்கே இருக்கிறேன் என்று திரும்பி நேராக என்னைப் பார்த்தாள். நான் கடலைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். கண் மூடவில்லை.

அந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாகப் போட்டு வாங்கினேன். வெயிலில் கண்ணைச் சற்றே இடுக்கி, வந்து பையைப் பிடியுங்கள் என்று சொல்லப்போகிற முகம். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அண்மையில் வந்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது நான் இல்லீங்க" என்றாள்.

இது என்ன புதுக் கூத்து?

"எனக்கு வலது கண்ணு கொஞ்சம் சின்னது. டெய்லி பொட்டு வைக்கச்சொல்ல பாக்கறேன். இதுல பாருங்க, இடது பக்கத்துக் கண்ணு சின்னதா இருக்குது. மூக்குகூட அந்தப் பக்கமா போவுது. உங்க கேமரா தப்பு."

மகள்தான் அவளைக் கண்ணாடிக்கு முன்னால் கூட்டிப்போனாள். படத்தை அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில், கண்ணாடியைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் இரண்டு முகமும் ஒன்றுபோல இருந்தன, சின்னக் கண் அதே வலது பக்கத்தில். "நீ உன்னக் கண்ணாடியில மட்டும்தாம்மா பாத்திருக்க. அதுல பக்கம் மாறித் தெரியும். நாங்க பாக்கறது போட்டோவுல இருக்கிறா மாதிரிதான்."

மனைவி கண்ணாடியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப இவ்ளோ வருஷமா நீங்க பாத்தது இவளயா?"

ஆமாம் என்றாலும் வம்பு, இல்லையென்றாலும் வம்பு. மகள் உதவிக்கு வந்தாள். லாப்டாப்பில் படத்தைப் பக்கம் மாற்றிப் போட்டாள். மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. "தோ, இதுதான் நானு. இத மாட்டுங்க" என்றாள். ஆனால் எனக்கும் மகளுக்கும் அது அவளாகவே தெரியவில்லை. முந்தானை வலது தோளுக்குப் போய் வடநாட்டுக் கட்டு மாதிரி இருந்தது. முகமும் அவளுடைய சித்தி பெண் யாரோ ஒருத்தி வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. தனக்கே தன் முகமாகத் தெரிகிற படத்தை மாட்டுவதா, எங்களுக்கு அவளாகத் தெரிகிற படத்தை மாட்டுவதா? அவள் ஆசைப்பட்டது அவளுடைய கண்ணுக்கு. அதை நான் கொண்டுவந்துவிட்டேனா இல்லையா என்பதே எனக்குப் புரியவில்லை. சொந்த முகத்தை நேராகப் பார்க்க ஒருவருக்கும் வழியே இல்லை என்பது, இந்த வயதில், ஒரு கேமராவை வாங்கிய பிறகுதான் என் மண்டையில் ஏறியது. பாவமாக இருந்தது. அவளை நினைத்து மட்டுமல்ல.

மாற்றிப் போட்ட படத்தையும் பெரிதாகப் போட்டு வாங்கி வந்து, இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டேன். ஒரு வாரம் கிடந்தன. அவள் கீரை ஆய்ந்துகொண்டே இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பாள். அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவளே சொன்னாள்.

"சொவுத்துல இருக்கிறத டெய்லி பாக்கப்போறது நீங்களும் பொண்ணும்தான். எனக்கு என்னப் பாக்கணும்னா கண்ணாடி இருக்குது. உங்களுக்குத் தெரிஞ்சவளயே மாட்டுங்க."

நாற்காலி போட்டு ஏறி மாட்டினேன். கோணலாக இருக்கிறது என்றாள், நேராக்கினேன். இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, புதிதாக வீட்டுக்கு வந்த மனுஷியைப் பார்ப்பதுபோல, சுவரில் இருந்தவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இவள உங்களுக்குப் புடிக்குமா?"

"ரொம்பப் புடிக்கும்" என்றேன்.

"அப்ப இருக்கட்டும்" என்றாள்.