சாரதாதேவி சுற்றிய கொயில்

சாரதாதேவி ஒருவரையும் நம்பமாட்டாள். பழி சொல்வதாக நினைக்க வேண்டாம். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள், அவளும் மறுக்கமாட்டாள். கோயிலுக்குப் போனால் ஒரு சப்பாத்தை வாசலின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் கழற்றி வைப்பாள். கள்ளனுக்குச் சோடி சேர்க்கப் பொறுமை இருக்காது என்பது அவள் கணக்கு. வீடு இருக்கும் கூசேன்வில்லில் றெயின் ஏறினால் கார் து நோர் நிலையம் வரும்வரை கண் மூடமாட்டாள், கைப்பையின் வாரை மணிக்கட்டில் சுற்றியபடிதான் இருப்பாள். மரக்கறிக் கடையில் அவள் கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் கடைக்காரன் பூச்சியில்லை என்று தானே வெட்டிக் காட்டிவிடுவான்.

அவளுக்குத் தொழில் கிடைத்ததும் இந்தச் சந்தேகத்தால்தான். அவள் புருசன் ஸ்ரீஸ்கந்தராசா ரோய்சி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். ஒருநாள் அவர் சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்லி, மின்சாரத்தில் புகைவிடும் ‘வேப்’ ஒன்றைக் கையில் கொண்டுவந்தார். விட்டுவிட்டாராம்! அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, இதற்குள் என்ன கள்ளம் இருக்கிறதென்று அவள் அதைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே இருந்தது ‘கொயில்’ என்கிற கடுகளவு கம்பிச் சுருள் ஒன்றும், அதன் நடுவே கருகிய பஞ்சும்தான். கம்பி சூடாகும், பஞ்சில் ஊறிய நிக்கோத்தின் தண்ணி ஆவியாகும், அவ்வளவுதான் சூட்சுமம். சுருள் கருகிவிட்டால் எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கச் சொல்கிறார்கள் என்று புருசன் சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இந்தக் கம்பித்துண்டுக்கோ உங்களிட்டைக் காசு பிடுங்கிறாங்கள்? நல்லாத் தலையிலை மிளகாய் அரைச்சிருக்கிறாங்கள்!”

கம்பி ஒரு சுற்று வாங்கினாள், பஞ்சு வாங்கினாள், மெல்லிய பின்னல் ஊசியில் சுற்றிப் பழகினாள். முதலில் சுற்றியவை ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் குளிர்ந்து கிடந்தன. சேலைக்கு ஓரம் அடிக்கிற நெருக்கம் கைக்கு வந்த பிறகு, சுருள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சிவந்தது. பஞ்சை இறுக்கினால் தண்ணி ஏறாமல் தொண்டை எரியும், தளர்த்தினால் வாய்க்குள் ஒழுகும். அதையும் பிடித்துக்கொண்டாள். பெட்டி ஏற்றுகிற ஆட்கள் எல்லாரும் வேப்பைக் கொடுத்துவிட ஆரம்பித்தார்கள். பிறகு லா சப்பலில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் கஜன், தன் கடை மூலையில் ஒரு சின்ன மேசையை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தான்.

அந்த மேசை என்றால் அவளுக்கு உயிர். ஐம்பது வயதுக்கு மேல், பிள்ளைகள் தங்கள் பாட்டில் போய்விட்ட காலத்தில், “சாரதாக்கா இருக்கிறாவோ?” என்று ஆட்கள் கேட்டு வருகிற இடம் அது. அவளுக்கென்று பாரிஸில் வேறு இடம் ஏது?

உணவகச் சமையல்காரர்கள், டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் அங்கே வருவார்கள். கழற்றிய பழைய பஞ்சைப் பார்த்தே ஆளின் பழக்கத்தைச் சொல்லிவிடுவாள். இனிப்புத் தண்ணி ஊற்றுகிறவனின் சுருளில் சீனிப்பாணிபோலக் கரி படிந்திருக்கும். அவளுக்கு ஒரே ஒரு ஆளின் கதைதான் பிடிபடவில்லை. வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆனைஸ் என்ற பெண், ஒரு நீலநிற வேப்பை அடிக்கடி கொண்டுவருவாள். சுருளைப் பார்த்தால் நாள் முழுக்க இழுக்கிற ஆள். பெண்ணின் வாயிலோ புதினா வாசத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ‘இவள் வேறு யாருக்கோ கொண்டுபோகிறாள்’ என்று சாரதாதேவி மனதில் குறித்து வைத்தாள்.

அந்த மேசைக்குத்தான் ரொபேர் உருவத்தில் ஆபத்து வந்தது.

ரொபேர் புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் மடிப்புக் குலையாத சால்வை. மனைவி மரி-கிளேரின் கறுப்பு வேப்பைத்தான் கொண்டுவருவார். அவவுக்கு முழங்கால் வருத்தம், மாடியை விட்டு இறங்குவதில்லை. சாரதாதேவி புதுச் சுருள் போட்டு, தண்ணி ஊற்றி, அழுத்திக் காட்டுவாள். ஆவி அருமையாக வரும். மனுசன் நன்றி சொல்லிவிட்டுப் போவார். வீட்டுக்குப் போனதும் அது வேலை செய்யாது. கடைக்குத் தொலைபேசி வரும்.

“என்னய்யா கட நடத்துற? அந்தப் பொம்பளைக்கு வேல தெரியுமா தெரியாதா? ஏமாத்துக்காரி!” மரி-கிளேரின் குரல் ஒலிபெருக்கி போடாமலே கடை முழுக்கக் கேட்கும்.

ஒருமுறை என்றால் கைப்பிழை. திரும்பத் திரும்ப இதே கதை. மரி-கிளேர் கடைக்கு மட்டுமா எடுத்தாள்? தெரிந்த புதுச்சேரி வீடுகள் எல்லாவற்றுக்கும் எடுத்து, லா சப்பலில் ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பளை ஏமாற்றுகிறாள் என்று சொல்லி முடித்திருந்தாள். வழமையாக வருகிற சிலர் வராமல் விட்டார்கள்.

சாரதாதேவிக்கு முதலில் லாசர் மேல்தான் சந்தேகம். அடுத்த தெருவில் அவனும் கொயில் சுற்றுகிறான். சுற்றுகிறானாம்! ஓட்டை வேலி மாதிரி இடைவெளி விட்டு இழுத்து வைத்திருப்பான். ‘அவன்தான் இந்த மனுசியை ஏவி விட்டிருக்கிறான்.’ பிறகு கஜன் மேலேயே சந்தேகம் திரும்பியது. மூலையில் பார்சல் அடுக்க இடம் போதவில்லை என்று அவன் இரண்டு மூன்று தரம் சொல்லியிருந்தானே!

கடைசியில் கஜன் வாய் திறந்தான்.

“அக்கா, எனக்கு உங்களோடை கோவமில்லை. ஆனா கடைப் பேர் போகுது. இன்னொருக்கா அந்த மனுசி போன் எடுத்தா, நான் இந்த மேசையை எடுக்கிறதைத் தவிர வழியில்லை.”

“நான் சுத்தினது பழுதாகாது கஜன்.”

“அப்ப ஏன் அக்கா பழுதாகுது?”

அன்றிரவு அவள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, ஒரு புதுச் சுருள் சுற்றிச் சோதித்துப் பார்த்தாள்.

இரண்டு நாளில் ரொபேர் மறுபடியும் வந்தார். கறுப்பு வேப்பை மேசையில் வைத்துவிட்டு, “மன்னிச்சிக்கோங்க மதாம், மறுபடியும் போயிடுச்சு” என்றார். அவள் மூடியைக் கழற்றி, கஜனின் உருப்பெருக்கிக் கண்ணாடியை இழுத்துக் கண்ணில் பொருத்தினாள். சுருளுக்கு இரண்டு கால்கள் உண்டு, இரண்டையும் ஆணியில் இறுக்கியிருக்கும். ஒரு கால் அறுந்து கிடந்தது. சூட்டில் அறுந்த கம்பியின் நுனி கறுத்து உருண்டு போயிருக்கும். இது பளபளவென்று இரண்டு பக்கமும் நசுங்கி இருந்தது.

வெட்டியிருக்கிறார்கள்!

அவள் முகத்தை மாற்றவில்லை. புதுச் சுருள் போட்டு, சோதித்து, சிரித்தபடியே கொடுத்தாள். மனுசன் கடைவாசலைத் தாண்டியதும், “கஜன், பாண் ஒண்டு வாங்கிக்கொண்டு ஓடி வாறன்” என்று கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். பாண் கடை எதிர்ப்பக்கம் இருந்தது, அதை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

ரொபேர் மெத்ரோப் பாலத்துக்குக் கீழால் போய், அந்தச் சின்னப் பூங்காவுக்குள் நுழைந்து ஒரு மர வாங்கில் உட்கார்ந்தார். அங்கும் இங்கும் பார்த்தார். பார்க்கிற விதத்திலேயே கள்ளம் தெரிந்தது. சட்டைப்பையில் இருந்து வேப்பை எடுத்தார், மற்றப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார். சடக்!

“மிஸியே ரொபேர்!”

மனுசன் நகவெட்டியை மடிக்குள் விட்டுவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்ட தபால் கந்தோர் அதிகாரியை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

“ஏன் என்ரை பேரைக் கெடுக்கிறியள்? லாசர் என்ன தந்தவன் உங்களுக்கு?”

“லாசரா? அது யாருங்க?” அவர் மடியில் விழுந்த நகவெட்டியைத் தேடி எடுத்தார். “மதாம், சத்தியமா வேற வழி தெரியலைங்க. எம் பொண்சாதிக்கு முட்டி ஒப்பரசியோன் பண்ணணும். அதுக்கு முன்னாடி ஒடம்புல நிக்கோத்தின் இருக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு தடவ தேதி தள்ளிப் போயிடுச்சு. விடும்மான்னு அவகிட்ட சொல்லத் தைரியம் இல்லைங்க எனக்கு. ரிப்பேர்னு சொன்னா உங்களத்தான் திட்டுவா.”

“நல்லாயிருக்கு! உங்கட பயத்துக்கு நான் பேச்சு வாங்கவேணும்.”

“தப்புதாங்க. ஆனா ஒண்ணு புரியல. நான் வெட்டிக்கிட்டேதான் இருக்கேன், அவ கைல இது வேல செஞ்ச நாளே கெடையாது. போன வாரம் டெஸ்ட் எடுத்தா, இன்னும் நிக்கோத்தின் இருக்குதுங்கிறாங்க. எப்பிடிங்க?”

சாரதாதேவிக்குப் பொறி தட்டியது. நீல வேப், வாயில் புதினா மணக்கிற பெண்.

“உங்கட வீட்டுக்கு ஆனைஸ் எண்டு ஒரு பிள்ளை வாறவளோ?”

“ஆமாங்க, வாரத்துல மூணு நாள். ரொம்ப நல்ல பொண்ணு.”

“ஓமோம், நல்ல பிள்ளைதான். வீட்டுத் திறப்பைத் தாங்கோ. நான் கூப்பிடும்வரைக்கும் இந்த வாங்கை விட்டு எழும்பக்கூடாது.”

அவர் சொன்ன விலாசத்தில், மாடிக்குக் கீழே அஞ்சல் பெட்டியில் பெயர் ஒட்டியிருந்தது. லிப்ட் இல்லாத பழைய கட்டடம். மேல்மாடி வரை ஏறுகையில் அவளுக்கே மூச்சு வாங்கியது. முழங்கால் வருத்தக்காரி ஒருத்தி இந்தப் படியில் எப்படி இறங்குவாள்? கதவைத் திறந்ததும் குளிர்காலத்தில் அகலத் திறந்து கிடந்த யன்னலும், அதையும் மீறி நின்ற வெனிலா வாசமும்தான் முதலில் எதிர்ப்பட்டன. மரி-கிளேர் காலை ஒரு முக்காலியில் நீட்டியபடி யன்னலோரம் இருந்தாள். கை சடாரென்று போர்வைக்குள் போனது.

“யாரும்மா நீ?”

“உங்கட கொயில் சுத்திறவள்.”

“ஏமாத்துக்காரி! எத்தன தடவ சொல்றது? வேல தெரியலன்னா எதுக்கு…” கண் கதவுப் பக்கம் போனது. “அவரு வரலியா?”

“இல்லை. கீழை பூங்காவிலை இருக்கிறார்.”

குழாயைப் பூட்டியதுபோலத் திட்டு நின்றது. “அப்பச் சரி. உக்காரு.”

சாரதாதேவி உட்காரவில்லை. “போர்வைக்குள்ளை இருக்கிற நீலத்தை எடுங்கோ.”

மரி-கிளேர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்தாள். “அவரு வெட்டுறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நாப்பது வருஷம் குடும்பம் நடத்துறேன் அவரோட. நகவெட்டி ஏன் எப்பவும் சட்டப் பையில இருக்குது? நான் கத்தாம சும்மா இருந்தா, இவ கைல வேற ஒண்ணு இருக்குதுன்னு அவருக்குச் சந்தேகம் வந்துடும். அதான் கடக்காரனுக்குப் போன் போட்டுக் கத்துறேன். உம்மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ சுத்துனது அருமையா இருக்குது.”

உலகத்தையே சந்தேகித்த சாரதாதேவி, இந்தச் சோடியைச் சந்தேகிக்காமல் விட்டுவிட்டாள்!

“உங்கட நாடகத்துக்கு என்ரை மேசையே கிடைச்சது? இன்னொருக்கா நீங்கள் போன் எடுத்தா என்னைத் துரத்திப் போடுவாங்கள். தெரியுமே?”

மரி-கிளேருக்கு அது தெரியாது. முகம் சுருங்கியது.

“முழங்கால் சுகமாகவேண்டாமோ உங்களுக்கு? இந்த அறைக்குள்ளையே கிடந்து காலம் தள்ளப்போறியளோ?”

மரி-கிளேர் போர்வையை முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்டாள்.

“மதலேன்னு எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா” என்றாள் மரி-கிளேர். “சின்ன ஒப்பரசியோன்தான். மயக்க மருந்து குடுத்தாங்க. முழிக்கல. எனக்குப் பயமா இருக்கும்மா. நிக்கோத்தின் இருந்தா அவங்களே தேதிய தள்ளிடுறாங்க. நான் பயந்தாங்கொள்ளின்னு யாருக்கும் சொல்ல வேணாம் பாரு.”

தோண்டித் துருவாமல் ஒரு ஆள் தன்னிடம் உண்மை சொன்னது இதுதான் முதல்முறை என்று சாரதாதேவிக்குத் தோன்றியது. ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. அவள் நீல வேப்பை வாங்கி மூடியைக் கழற்றினாள். தன் கைச் சுருள், நெருக்கமாக, ஒரே சீராக இருந்தது. கைப்பையில் இருந்து கம்பி வெட்டும் குறட்டை எடுத்தாள். மனம் வரவில்லை, ஆனாலும் வெட்டினாள்.

“இது நான் வெட்டினது. இப்ப கஜனுக்குப் போன் எடுத்துத் திட்டுங்கோ அக்கா. இந்தமுறை நியாயம் உங்கட பக்கம்.”

மரி-கிளேர் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள்.

“தம்பி, நான்தான். இல்லப்பா, திட்டுறதுக்குப் போன் போடல. அந்தம்மா வேலைல ஒரு குத்தமும் இல்ல, குத்தம் எங்க வீட்டுல. நான் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிடுறேன். கால் நல்லானதும் நானே கடைக்கு எறங்கி வந்தும் சொல்றேன்.” போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “கால் நல்லானதும்னு சொல்லிட்டேன். இப்ப போய்த்தானே ஆகணும்?”

“போறியளோ எண்டு பாக்க நானும் ஆஸ்பத்திரிக்கு வருவன். டொக்டர்மாரிலையும் எனக்கு நம்பிக்கையில்லை. நீங்கள் கண் முழிக்கும்வரைக்கும் வாசல்லைதான் இருப்பன்.”

மரி-கிளேர் சிரிக்கப் பார்த்தாள், அழுகை முந்திக்கொண்டது. சாரதாதேவி அதைப் பார்க்காததுபோலக் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினாள். மேசை பிழைத்தது. நெஞ்சு லேசாக இருந்தது. முதல் வளைவில் அவள் கால் நின்றுவிட்டது.

கறுப்பு ஒன்று. நீலம் ஒன்று. புருசன் ஒன்றை வெட்டுவார் என்று தெரிந்து இரண்டாவதை வைத்திருந்தவள், இரண்டாவது பிடிபடும் நாளை யோசிக்காமலா இருந்திருப்பாள்?

திரும்பி ஏறினாள். கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

“மூண்டாவதை எடுங்கோ அக்கா.”

மரி-கிளேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு காலுக்குக் கீழே இருந்த தலையணையின் உறைக்குள் கைவிட்டு, சிவப்பாக ஒன்றை இழுத்து நீட்டினாள். சாரதாதேவி மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஓட்டை வேலி.

“லாசரிட்டையும் குடுத்து விட்டிருக்கிறியள், என்ன?”

“அவசரத்துக்கு” என்றாள் மரி-கிளேர் தலையைக் குனிந்தபடி.

இந்தமுறை குறட்டை எடுக்கையில் சாரதாதேவிக்குக் கொஞ்சமும் மனம் நோகவில்லை.