சுவருக்குப் போர்த்திய தார்ப்பாய்

கொல்லிமலைக்கு என்னை அனுப்பிய தொண்டு நிறுவனத்தார் கேட்டது ஒரு சுவரோவியம். தலைப்பு பருவநிலை மாற்றம். மாதிரிப் படத்தையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: பாளம் பாளமாக வெடித்த நிலம், தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் விவசாயி, மேலே பெரிய சூரியன். பிழைப்புக்காக எத்தனையோ ஊர்ச் சுவர்களில் இதே ஆளை உட்கார வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டே வரைவேன்.

அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. குண்டனி நாட்டில் ரோட்டைப் பார்த்த ஒரு வீட்டின் பக்கச் சுவர் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தனியாளாகச் சாமையும் மிளகும் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் எனக்கு குச்சிக்கிழங்கு என்று அவர்கள் சொல்லும் மரவள்ளி வேகவைத்ததும் டீயும் வந்துவிடும். மூன்றாம் நாள் படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது எந்த ஊருங்க?"

"பொதுவா வரையறதுங்க."

"எங்க மண்ணு வெடிக்கலீங்க. காயத்தான் மாட்டேங்குது. பேயக்கூடாத மாசத்துல பேஞ்சு மிளகு அழுகுது. அத வரைய மாட்டீங்களா?"

அழுகிய மிளகை யார் போட்டோ எடுப்பார்கள்? சிரித்து மழுப்பினேன். அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரியும். தெரிந்தும் வெடிப்புகளுக்கு இன்னும் கொஞ்சம் கருப்பு தீட்டினேன்.

தை பிறந்திருந்தது. அறுத்த சாமை, வீட்டுக்கு எதிரே களத்துப் பாறையில் போராகக் கிடந்தது. அடிக்க ஆள் கிடைக்காமல் நாள் தள்ளிப்போயிருந்தது. அடுத்த விதைப்புக்கான விதையும் அந்தப் போரில்தான் இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் கிழங்குக்கு மாறிவிட்டார்கள், அந்த நெட்டைச் சாமை தன்னிடம் மட்டும்தான் மிச்சம் என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்.

படத்தின் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் வானம் கறுத்தது. நான் பதறிப்போய் என் பெரிய தார்ப்பாயை ஓட்டு விளிம்பில் கட்டிச் சுவரை மூடினேன். அவர் களத்திலிருந்து ஓடிவந்தார்.

"அதக் குடுங்க சாமி. எங்க தார்ப்பாயி பாதிப் போருக்குத்தான் பத்துது."

"பெயிண்ட் காயலீங்க. காலைல எல்லாரும் வாராங்க."

அவர் வீட்டுக்குள் போய் உரச் சாக்கும் பழைய சேலைகளும் எடுத்துக்கொண்டு ஓடினார். மழை விடியும்வரை கொட்டியது. படம் ஒரு சொட்டு கரையவில்லை.

காலையில் வந்தவர்கள் கைதட்டினார்கள். இந்தச் சுவர் பேசுகிறது என்றார் ஒருவர். வெடித்த நிலத்தின் முன்னால் சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ளாமல் பார்த்துப் பார்த்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

நாலைந்து நாள் கழித்து ஏணியை எடுக்கப் போனபோது போர் முழுக்கப் பச்சையாக முளைவிட்டிருந்தது. நனையாமல் தப்பியதாக நான் நினைத்த பக்கமும் அடியில் ஊறிப் புழுங்கியிருந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை. "படம் நல்லாத்தான் இருக்குதுங்க. விதை மட்டும் எங்கியாச்சும் கெடைக்குதான்னு பாருங்க," என்றார்.

பைல் நாடு வரைக்கும் போய் விசாரித்தேன். கிழங்கு, கிழங்கு, கிழங்கு. கடைசியில் மலையிறங்கி, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி கடையில் சாமை என்று கேட்டதும் உடனே எடுத்துக் கொடுத்தார்கள். பெரிய காரியம் சாதித்தவனைப் போல அடுத்த பஸ்ஸில் மலையேறினேன்.

அவர் பையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"இது உமி போக்குன அரிசிங்க. மொளைக்காதுங்க."

விவசாயியை அத்தனை சுவர்களில் வரைந்தவனுக்கு விதைக்கும் அரிசிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் அரிசியைக் களைந்து உலையில் போட்டார். வெந்ததும் எனக்கும் ஒரு தட்டில் வைத்தார். நான் சாப்பிட்டேன்.