நீச்சற்குளத்தில் வெள்ளி முழுக்கு

ஒப்புரவு என்னும் அறம், பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாச் சந்துகளில், வெள்ளிக்கிழமை தோறும் பிற்பகலில் ரப்பர்ச் செருப்பணிந்து நடக்கிறது. அதன் தோளில் ஒரு துணிப்பை. பையின் வாயில் ஒரு துவாயும் நீல நிறத் தலையுறையும். ஒவ்வொரு வாசலிலும் நின்று மேல்மாடத்தை நோக்கிக் குரல் கொடுக்கிறது: "மாக்கிரட் அக்கா! கறியை இறக்கிப்போட்டுக் கெதியாய் வாங்கோ. தண்ணி ஓடியிடாது, எங்கடை நேரம்தான் ஓடியிடும்!"

அந்த அறத்தின் பெயர் ரதி.

அளவெட்டி என்னும் ஊரிற் பிறந்தவர். முற்பகல் முழுதும் ஒரு சிஞ்ஞோராச் சீமாட்டியின் மாளிகையில் பளிங்குப் படிகளை மண்டியிட்டுத் துடைப்பவர். பளிங்கு எத்துணை ஒளிர்ந்ததோ அத்துணை அவருடைய முழங்கால்கள் தேய்ந்தன. பொது மருத்துவ நிலையத்து மருத்துவர் தைலம் எதுவும் தரவில்லை; நீருக்குள் நடக்கச் சொன்னார். அந்நலத்தைத் தனித்து நுகர ரதிக்கு மனம் வரவில்லை. மறுநாளே பலாரோச் சந்தையில், கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, நொண்டி நடந்த நம் தமிழ்ப் பெண்களையெல்லாம் வழிமறித்தார். "உமக்கும் முழங்காலோ? எனக்கும்தான். வாரும், தண்ணிக்கை நடப்பம்."

எங்கள் குடியிருப்பு மன்றத்தில் ஒரு சிறு நீச்சற்குளம் உண்டு. ஊர்ப்பொதுவாயினும் எங்களுள் எவரும் அதன் வாயிலைக் கடந்ததில்லை. ஆடவர் நீந்தும் நீரில் இறங்குவதெங்ஙனம்? ரதி நேரே குளத்தின் காவலாளி மொனிகாவிடம் சென்றார். அவருடைய இத்தாலியத்தில் பாதியை வாய் பேசும். மீதியைக் கைகள் பேசும். "ஒஸ்லோவிலை என்ரை தங்கச்சியாக்களுக்குப் பொம்பிளையளுக்கெண்டே தனி நேரம் இருக்குது. பலெர்மோ என்ன குறைச்சலோ?" என்ற பொருளை அவ்விரண்டும் சேர்ந்து உணர்த்தின. தன் நகரை ஒஸ்லோவுக்குக் கீழாக வைப்பதை மொனிகா பொறுப்பாளோ? வெள்ளி மாலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கென்று ஆயிற்று.

ரதிக்கு நீந்தத் தெரியாது. முதற்படியில் நின்று குளத்து நீரை ஒரு கை அள்ளிக் கண்களில் ஒற்றிக்கொள்வார். "முருகா, சாந்தா ரொசாலியா, என்ரை கால் உங்கடை பொறுப்பு" என்று தம் தெய்வத்தோடு இந்நகரின் காவற் புனிதையையும் அழைப்பார். பின்னர் ஓரக் கம்பியைப் பற்றியவாறு இக்கரைக்கும் அக்கரைக்குமாக நடப்பார். நடக்கும்போது வாய் ஓய்வதில்லை; மீன் விலையும் பிள்ளைகளின் பரீட்சையும் எங்களோடு சேர்ந்து நீரில் நடக்கும்.

பேசாலை மீனவர் மகளாகிய மாக்கிரட், கடலருகே வளர்ந்தும் கணுக்காலுக்கு மேல் நனையாதவர். அவர் வேலை செய்யும் வீடு, மின்தூக்கி இல்லாத பழங்கட்டடத்தின் உச்சியில் உள்ளது. கால் ஓய்ந்தால் வேலையும் ஓய்ந்துவிடும். இக்குளத்தில் நடக்கத் தொடங்கிய பின்னரே, இடையில் குந்தாமல் அந்த வீட்டை ஏறியடைந்தார்.

இந்நலம் ஒரு வெள்ளியன்று எண்ணெயில் வழுக்கியது.

வெள்ளி எங்களுக்கு முழுக்கு நாள். "எப்படியும் தலை நனையப் போகுது. எண்ணெயை வச்சுக்கொண்டு போனால் அங்கையே முழுகிப்போடலாமெல்லே?" என்றார் எங்களுள் மூத்தவரான இராசாத்தி அக்கா. அனைவருக்கும் இது பேரறிவாகத் தோன்றியது, ரதிக்கும்தான். உச்சி குளிர நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கினோம். தலையுறைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மீன்போல் துள்ளி மிதந்தன. நீர்ப்பரப்பெங்கும் மயில் தோகையின் நிறங்கள் விரிந்தன. இராசாத்தி அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சீயாக்காய் குழைக்கத் தொடங்கிய வேளையில் மொனிகா ஓடிவந்தாள்.

"சிஞ்ஞோரே! இது பிஷினா! இன்சலாத்தா இல்லை!"

குளத்தில் எண்ணெய் விட்டுக் கீரைக் கலவை செய்கிறோம் என்பது அவள் குற்றச்சாட்டு. வடிகட்டி அடைத்துக்கொண்டது, குளம் அன்று மூடப்பட்டது. இன்னொரு முறை எண்ணெய் மிதந்தால் அந்த நேரம் நீர்ப்பந்தாட்டக்காரருக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டாள். நனைந்த துவாயைப் போர்த்திக்கொண்டு கரையோர வாங்குப் பலகையில் அமர்ந்திருந்த மாக்கிரட், "அப்ப நான் திரும்பவும் படியிலை குந்திக் குந்தித்தான் ஏறவேணுமோ?" என்றார்.

வீடு திரும்பும் வழியில் ரதி விடை கண்டுவிட்டார். "எண்ணெய் காலமை. முழுக்கு என்ரை வீட்டிலை. பிறகுதான் குளம்."

"வெள்ளிக்கிழமை நாலு வீட்டுப் பொம்பிளையள் உன்ரை வீட்டிலை தலை முழுகிறதோ? சனம் என்ன கதைக்கும்?" என்றார் இராசாத்தி அக்கா.

"சனம் என்ன, உங்கடை முழங்காலைத் தூக்கிக்கொண்டு நடக்குமோ? சீயாக்காயை மறக்காமல் கொண்டு வாங்கோ. அண்டைக்கு நல்லாய்க் குழைச்சிருந்தியள்."

அடுத்த வெள்ளியில் அந்தச் சிறு வீட்டின் குளியலறை வாசலில் வரிசை நின்றது. சுடுநீர்க் கலம் சிறிது. ஆகையால் ரதியின் கணவர் நகுலேஸ்வரன் அடுப்பில் பானை பானையாய் நீர் காய்ச்சினார். "இது வீடோ, கோயில் கேணியோ?" என்று முணுமுணுத்தார்.

"கேணியெண்டே வச்சுக்கொள்ளுங்கோவன். தண்ணி கொதிச்சிட்டுது, இறக்குங்கோ!"

குளத்து வாயிலில் மொனிகா கைகட்டி நின்றாள். ரதி மாக்கிரட்டின் தலையைக் குனியச் செய்து, வெண்மையான காகிதக் கைக்குட்டையை உச்சியில் அழுத்தி, எடுத்துக் காட்டினார். கறையில்லை. அடுத்த தலை, அதற்கடுத்த தலை. இராசாத்தி அக்கா, "கோயில் பிரசாதம் மாதிரி எல்லாற்றை தலையிலையும் வைக்கிறாய்" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். மொனிகாவின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. முழுகிய பின்னும் கருமை மின்னிய மாக்கிரட்டின் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். பின்பு வழி விட்டாள்.

அன்று தலையுறைகள் தலையிலேயே இருந்தன. மாக்கிரட் கம்பியை விட்டு இரு கைகளையும் வீசி நடந்தார்.

கரையேறியதும் ரதி கேட்டார்: "மொனிகா, வாற வெள்ளியும் எங்கடைதானே?"

மொனிகா, குளத்து மருந்தால் வைக்கோலாய் வறண்டிருந்த தன் கூந்தலை அவிழ்த்தாள்; வாங்கில் ரதியின் முன் முதுகு காட்டி அமர்ந்தாள். மாக்கிரட் நெஞ்சிற் சிலுவை வரைந்துகொண்டார்.

ரதி துணிப்பையின் அடியிலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்து, உள்ளங்கையில் வார்த்து, மொனிகாவின் உச்சியில் வைத்துத் தேய்த்தார். தேய்த்தவாறே அவள் காதருகே குனிந்து, அவளுடைய குரலிலேயே அதட்டினார்: "தலை முழுகாமல் நாளைக்குத் தண்ணியிலை இறங்கினியெண்டால் தெரியும்! இது பிஷினா! இன்சலாத்தா இல்லை!"

வெந்நீர் கொதிக்கும் அந்த வீட்டில் அடுப்பு என்றும் அணையாதிருப்பதாக. நோவு அதன் படியை மிதியாதிருப்பதாக. வருவோர் தலைகளெல்லாம் அங்கே குளிர்வதாக. நகுலேஸ்வரனின் முணுமுணுப்பும் பல்லாண்டு நிலைப்பதாக.