மரக்காணம் உப்பளத்தில் பாதி மேட்ச்

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் போனேன். உப்பளத்தைப் படம் எடுக்க ரொம்ப நாளாக ஆசை. ஆனால் அன்றைக்கே கிளம்பியதற்குக் காரணம் என் தங்கை. அவளோடு படிக்கும் அபி, இந்தியப் பெண்கள் பேஸ்பால் அணியில் இருக்கிறாள். ஆசிய நாடுகளுக்கான போட்டிக்காகத் தாய்லாந்து போயிருந்தாள். மூன்று மேட்ச் முடிந்தும் அவளைக் களத்தில் இறக்கவே இல்லை. அன்றைக்குக் கடைசி மேட்ச். அபியின் அம்மா வசந்தா அக்கா உப்பளத்தில் வேலை செய்கிறார். மகள் இந்தியாவுக்காக ஒரு தடவையாவது மட்டை பிடிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார். அவர் ஃபோனில் வீடியோ ஓடாது. “எப்படியும் போறல்ல, உன் ஃபோன்ல காட்டிட்டு வா” என்று தங்கை என் தலையில் கட்டிவிட்டாள்.

காலை ஆறு மணிக்குத் திருவான்மியூரில் ஈ.சி.ஆர். வழியாகப் போகும் பஸ் பிடித்து, எட்டரைக்கு மரக்காணத்தில் இறங்கினேன். டிக்கெட் நூற்றிருபது ரூபாய். அங்கிருந்து உப்பளத்துக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது.

“பறவை பாக்க வந்தீங்களாக்கா?” என்றார் ஆட்டோக்காரர்.

“இல்லப்பா, பேஸ்பால் மேட்ச் பாக்க.”

கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். 

வானம் மூடிக் கிடந்தது. படங்களில் பளபளக்கும் உப்பு, நேரில் அழுக்கு வேட்டி நிறத்தில் இருந்தது. வசந்தா அக்கா மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்து, கைகாலைக் கழுவிக்கொண்டு கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு மேட்ச் தொடங்கியது. எங்கள் இரண்டு பேருக்கும் பேஸ்பால் ஒரு எழவும் தெரியாது. களத்துக்கு வெளியே பெஞ்சில் அபி தெரியும்போதெல்லாம் அக்கா திரையைத் தொட்டார். அவர் விரல் பட்டுப் பட்டு வீடியோ நின்றது. நான் ஓட விட்டுக்கொண்டே இருந்தேன்.

பத்து மணிக்கு அங்கே தாய்லாந்தில் மழை. ஆட்கள் ஓடி வந்து மைதானத்தின் மேல் பெரிய தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். அக்கா எழுந்துவிட்டார்.

“அவ்ளோதாம்மா. தார்ப்பாய் இழுத்துட்டாங்க. இனிமே எங்க வேலை நடக்கப் போவுது?”

உப்பளத்தில் அப்படித்தான். மழை வந்து உப்புக் குவியலைத் தார்ப்பாயால் மூடிவிட்டால், அன்றைய வேலை அதோடு சரி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஃபோனை அணைத்தேன். அக்கா உப்புப் பாத்திக்குப் போனார், நான் படம் எடுக்கப் போனேன்.

மதியம் ஒரு மணிக்கு அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அபி என் ஃபோனில் வீடியோ காலில் வந்தாள். கண் சிவந்திருந்தது.

“அம்மா, பாத்தியா? மழை விட்டதும் என்னய எறக்குனாங்க!”

அக்கா என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பிசைந்தேன்.

“பாத்தேன்டி. என்னமா ஓடுன!”



“நான் எங்கம்மா ஓடுனேன்? மூணு பந்தையும் வுட்டுட்டு, நின்ன எடத்துலயே அவுட்டும்மா.”

“சாப்டியாடி?” என்றார் அக்கா.

“சாப்டணும். வெக்கிறேம்மா.”

என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டார். “மூணு பந்து போட எவ்ளோ நேரம்மா ஆவும்?”

“ரெண்டு நிமிஷம் ஆகும்க்கா.”

“ரெண்டு நிமிசந்தானா” என்றார்.

அன்று இரவு அந்த மேட்ச் வீடியோவைத் தேடினேன். நெட்டிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

உப்பளம் பார்க்கப் போகிறவர்கள் விடிவதற்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. தண்ணீர் கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை கிடையாது. வரப்பில் கேட்காமல் கால் வைக்காதீர்கள். யாருக்காவது பேஸ்பால் காட்டப் போகிறீர்கள் என்றால், தார்ப்பாய் போட்டாலும் ஃபோனை அணைக்காதீர்கள். மழை விட்டதும் அதைச் சுருட்டிவிட்டு மறுபடி ஆடுவார்களாம்.